மேப் வாங்கக் கடைக்குப் போகும் முன் வீட்டுப் பெட்டகத்தைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஊர்களில் நூலகம் நடத்துகிறவர்களிடமும், பள்ளிக்கூடத்துக்குக் காட்சி அறை கட்டித் தருகிறவர்களிடமும் பழைய நிலப்படம், உலக உருண்டை சேர்க்கும் ஆர்வத்தை இப்போது பார்க்கிறோம். நல்ல காரியம். ஆனால் வேலை நடக்கும் வரிசைதான் தலைகீழ். முதலில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஐரோப்பிய உலகப்படம் வந்து சேர்கிறது. அடுத்தது பித்தளை வளையம் வைத்த ஓர் உருண்டை. இவற்றை வைக்க இழுப்பறை வேண்டுமே என்ற பேச்சு கடைசியில் எழும், பல இடங்களில் எழுவதே இல்லை. அதே சமயம், இந்த மண்ணில் மட்டுமே கிடைக்கக்கூடிய படங்கள் வீட்டுப் பெட்டகத்திலிருந்து பழைய பேப்பர்காரர் தராசுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பதும் பட்டியலிடுவதும் தொழிலாக உள்ளவர்கள் என்ற முறையில் சிலவற்றை எழுதுகிறோம். நீளம் கருதிச் சுருக்கிவிட வேண்டாம். அளவுகள் விடுபட்டால் பயன் இல்லை.

வீடுகளில் என்ன இருக்கிறது? செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் கடல் கடந்து, போன ஊர்களின் தாள்கள் இருக்கின்றன. பர்மாவில் நில அளவையின் அலகுக்கு 'குவின்' என்று பெயர். ஒவ்வொரு குவினுக்கும் 16 அங்குலம் ஒரு மைல் என்ற அளவில் படம் உண்டு. வயல் வயலாக எண் போட்டிருக்கும். 1930இல் நெல் விலை விழுந்த பிறகு கடனுக்கு ஈடாக நிலம் வந்து குவிந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938 வாக்கில் 25 விழுக்காட்டைத் தொட்டது. அத்தனை நிலத்துக்கும் படம் தேவைப்பட்டது. 1942இல் போர், 1948இல் பர்மா அரசின் நில தேசியமயச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தபின் அந்தத் தாள்களுக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. எடைக்குப் போவதும் அதனால்தான். மலாயா ரப்பர்த் தோட்டத்தின் எல்லைப்படம், கொழும்பு மனைக்கட்டுப் படம், ரங்கூன் தெருப்படம், சர்வே ஆப் இந்தியாவின் ஓர் அங்குலத் தாள் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்), இங்குள்ள கிராமப் படம், வீடு கட்டியபோது போட்ட நீலப்படம் (புளூபிரின்ட், நீலத்தில் வெள்ளைக் கோடாக எடுத்த கட்டடப் படி) எல்லாம் ஒரே துணி மூட்டையில் கிடப்பது சாதாரணம். லண்டன் ஏலத்தில் வாங்கக்கூடிய ஐரோப்பிய உலகப்படத்துக்கு உலகெங்கும் பிரதிகள் உண்டு. மார்ஜினில் கடையைக் கவனித்த மேலாள் தமிழில் குத்தகைக் கணக்கு எழுதிவைத்த குவின் படம் ஒன்றே ஒன்றுதான்.

ஆகவே நூலகம் செய்ய வேண்டிய முதல் வேலை விலைக்கு வாங்குவது அல்ல. எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பது. மூட்டையைப் பிரிக்கும் முன் கட்டியிருக்கும் நிலையிலேயே ஒரு புகைப்படம் எடுங்கள். பிரிக்கும்போது மேலிருந்து கீழாக எந்தத் தாள் எந்தத் தாளுக்கு அடியில் இருந்தது என்று வரிசை எண் கொடுங்கள். அந்த எண்ணை 2பி பென்சிலால் தாளின் பின்புறம், வலது கீழ் மூலையில், அழுத்தாமல் எழுதினால் போதும். ஊர், வீட்டின் விலாசம், எந்த ஊர்க் கடை, கூட இருந்த பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), கடிதக்கட்டு என்ன என்பதை நோட்டில் ஏற்றுங்கள். விலாசம் என்பது இங்கே தபால் முகவரி இல்லை என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் நூலகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது: குடும்பத்தையும் அதன் கடையையும் குறிக்கும் முன்னெழுத்துகளே விலாசம். அந்த இரண்டு மூன்று எழுத்துகள்தான் ஒரு படத்தை அதன் கணக்குப் புத்தகத்தோடு சேர்க்கும் கயிறு. பேரேட்டை ஒருவருக்கும் படத்தை இன்னொருவருக்கும் விற்றுவிட்டால் இரண்டுமே பாதி ஊமை. கோட்டையூரில் பழைய நூல்களைச் சேகரித்த ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழையும் நோட்டீசையும் சேர்த்துவைத்தாரே, அந்தக் கண் மேப் சேர்ப்பவருக்கும் வேண்டும்.

இன்னொரு சிக்கல் செட்டிநாட்டுக்கே உரியது. ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது மணமான குடும்பங்கள், பங்குதாரர்கள். சாவி ஒருவரிடம் இருக்கும். உரிமை எல்லோருக்கும் இருக்கும். சாவி வைத்திருப்பவர் மட்டும் கையெழுத்திட்டுத் தந்த நன்கொடை சில வருடம் கழித்துத் தகராறாகும். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திட்ட நன்கொடைக் கடிதம் வாங்குங்கள். அது கைகூடாவிட்டால், பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், படி எடுக்க மட்டும் இசைவு என்று எழுதி வாங்குங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

பெட்டகத்தில் கிடந்தது என்று இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 'அமெரிக்கா' என்ற பெயர் முதன்முதலில் அச்சான உலகப்படம் 1507இல் மார்ட்டின் வால்ட்ஸேமுல்லர் போட்டது, 12 தாள். 1901இல் ஜெர்மனியின் வோல்ஃபெக் மாளிகையில், ஒரு பழைய கட்டுப் புத்தகத்துக்குள் ஒரு பாதிரியார் கண்ணில் பட்டது. தப்பிய பிரதி அது ஒன்றே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை 2003இல் ஒரு கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. சுவரில் மாட்டிய பிரதிகள் எல்லாம் அழிந்து, யாரும் பிரிக்காமல் தைத்துவைத்தது மட்டும் பிழைத்திருக்கிறது.

கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் சின்னப் புற ஊதா டார்ச் ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும். லென்ஸில் வண்ணம் பூப்பூவாய்ப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, சமீபத்திய நகல். செப்புத்தகட்டு அச்சு என்றால் படத்தைச் சுற்றிலும் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்த செவ்வகப் பள்ளம் இருக்கும், கோட்டின் மேல் விரலை மெல்ல ஓட்டினால் மை சற்றே மேடாகத் தட்டுப்படும். கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் இரண்டும் இராது. அதனால் அது போலி என்று ஆகாது, 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் ஏராளம் கல்லச்சுதான். புற ஊதா வெளிச்சத்தில் காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென்றால் வெளுப்பேற்றும் ரசாயனம் சேர்த்த தாள். அது ஏறக்குறைய 1950க்குப் பிந்தியது. 1780 என்று போட்ட படம் அந்தக் காலத்தில் இல்லாத மரக்கூழ்த் தாளில் இருந்தால் பேரம் பேசாமல் வெளியே வந்துவிடலாம். தேயிலைத் தண்ணீரில் தோய்த்த தாளுக்கு ஓரமும் நடுவும் ஒரே பழுப்பாக இருக்கும். உண்மையில் வயதான தாள் ஓரத்தில் கருத்து, நடுவில் தெளிந்து இருப்பதே வழக்கம்.

அட்லஸிலிருந்து கிழித்து எடுத்த ஒற்றைத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவில் மடிப்பு, மடிப்பின் பின்புறம் ஒட்டிய காகிதப் பட்டை, சில சமயம் பின்பக்கத்தில் அச்செழுத்து, இவை அட்லஸ் தாளின் அடையாளங்கள். அவை போலி அல்ல. ஆனால் ஒரு முழு அட்லஸைத் தாள் தாளாகப் பிய்த்து விற்றால் கூடுதல் காசு என்பதால்தான் பல அட்லஸ்கள் கொலையுண்டன. நூலகம் அந்தச் சந்தைக்கு வாடிக்கையாளர் ஆகக் கூடாது என்பது எங்கள் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு: கிழித்தது கிழித்ததுதான், நம்மிடமாவது பத்திரமாக இருக்கட்டுமே என்பார்கள்.

காலம் கணிப்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. படத்தின் அடியில் ஓர் ஆண்டு கண்ணில் பட்டதும் அதைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். சர்வே தாளில் அளந்த ஆண்டு, வெளியிட்ட ஆண்டு, மறுபடி அச்சிட்ட ஆண்டு என்று மூன்று உண்டு. மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். ஆண்டே இல்லாத படத்துக்கு உள்ளே இருக்கும் சாட்சிகளைப் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு ரயில் பாதை காட்டினால் 1930க்கு முந்தியது அல்ல. இராமநாதபுரம் தனி மாவட்டமாக இருந்தால் 1910க்குப் பிறகு. அதற்கு முன் இந்தப் பகுதி மதுரை மாவட்டம். புதுக்கோட்டை வேறு வண்ணத்தில் சமஸ்தானமாக நின்றால் 1948க்கு முன். பர்மா இந்தியப் பேரரசின் வண்ணத்திலேயே இருந்தால் 1937 ஏப்ரலுக்கு முன். உலக உருண்டையில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் பெட்ரோகிராடு என்றிருந்தால் 1914க்கும் 1924க்கும் நடுவே, நார்வேயில் ஆஸ்லோ என்றிருந்தால் 1925 அல்லது அதற்குப் பின், பாரசீகம் ஈரானாகியிருந்தால் 1935ஐத் தாண்டியது, மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவிய மஞ்சூக்குவோ இருந்தால் 1932க்கும் 1945க்கும் இடையில். சயாம் 1939இல் தாய்லாந்து ஆனது. போருக்குப் பிறகு சில வருடம் மறுபடி சயாம் என்று வந்ததால் அந்த ஒரு பெயரை மட்டும் நம்பித் தேதி போடாதீர்கள்.

தாள் எண்ணையும் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. சர்வே ஆப் இந்தியா முறையில் 58 என்ற பெரிய கட்டம் வடக்கே 8 முதல் 12 பாகை (டிகிரி), கிழக்கே 76 முதல் 80 பாகை வரை. அதை எழுத்திட்ட ஒரு பாகைக் கட்டங்கள் 16 ஆகவும், ஒவ்வொன்றையும் மறுபடி எண்ணிட்ட 16 ஆகவும் பிரித்திருக்கிறார்கள். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் 58 ஜே/16இல் வரும். திருப்பத்தூரும் பிள்ளையார்பட்டியும் 58 ஜே/12. தேவகோட்டை 10 பாகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் அடுத்த எழுத்துக்கு, 58 கே/13க்குப் போய்விடுகிறது. இந்த மூன்று தாளின் எல்லாப் பழைய பதிப்புகளையும் ஒரு நூலகம் சேர்த்தாலே செட்டிநாட்டின் ஊருணி, கண்மாய், வண்டிப்பாதை எப்படி மாறின என்று பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிடலாம். ஆக்கிரமிப்பு வழக்குக்காக இந்தத் தாளைத் தேடி வருகிறவர்களுக்கு நூலகர் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஓர் அங்குலத் தாள் ஊருணி இருந்தது என்று காட்டும், எல்லைக்கு அது சான்று ஆகாது. எல்லைக்குக் கிராமப் படமும் புல அளவைப் படமும்தான்.

பழைய தாளைக் கணினியில் இன்றைய படத்தின் மேல் பொருத்துகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. சென்னை வானாய்வகத்தின் நெடுங்கோட்டை (தீர்க்கரேகையை) முன்பு 80 பாகை 17 கலை (நிமிடம்) 21 விகலை (நொடி) என்று கொண்டிருந்தார்கள். பிறகு அது 80 பாகை 14 கலை 54 விகலை என்று திருந்தியது. நாட்டின் படங்கள் எல்லாம் சென்னையை வைத்தே எண்ணியதால், திருத்தத்துக்கு முந்தைய தாளில் 2 கலை 27 விகலை கூடுதலாக இருக்கும். நம் அட்சரேகையில் அது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். ஓரத்தில் அச்சிட்ட நெடுங்கோட்டை அப்படியே தட்டச்சு செய்தால் காரைக்குடி கிழக்கே நாலரை கிலோமீட்டர் நகர்ந்து உட்காரும். தாளின் அடிக்குறிப்பைப் படியுங்கள். திருத்தம் வேண்டும் என்று அங்கே பெரும்பாலும் சொல்லியிருக்கும். இல்லையென்றால் கோயில் கோபுரம், ஊருணியின் படிக்கட்டு மூலை, பழைய சாலை கூடும் இடம் என்று மாறாத புள்ளிகளாக எட்டுப் பத்தை எடுத்துப் பொருத்துங்கள். மிச்சமிருக்கும் பிழைக்குக் காகிதமே காரணம். தாள் நாரின் திசைக்கு ஒரு மாதிரியும் குறுக்கே ஒரு மாதிரியும் சுருங்கும். ஓர் அங்குலத் தாளில் 2 மில்லிமீட்டர் சுருங்கினால் நிலத்தில் 125 மீட்டருக்கு மேல்.

இனி பாதுகாப்பு. பரணில் சுருட்டி வைத்த படத்தைக் கண்டதும் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துப் படம் எடுக்கிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். வறண்ட தாள் சுருளின் வளைவில் கண்ணாடி மாதிரி ஒடியும். முதலில் ஈரப்பதம் ஏற்ற வேண்டும். அதற்கும் முன், மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் தூசி தட்டி, படத்தில் உள்ள ஒவ்வொரு மையையும் வண்ணத்தையும் சோதியுங்கள்: பஞ்சுக்குச்சியில் துளி நீர், ஓரத்தில் ஒரு புள்ளி, மேலே ஒற்றுத்தாள். நிறம் ஒட்டி வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அனுபவசாலியிடம் கொடுங்கள். ஒட்டவில்லை என்றால், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஈரத் துண்டு, அதற்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் பிளாஸ்டிக் வலைத்தட்டு, தட்டின் மேல் சுருள். தண்ணீர் தாளைத் தொடக் கூடாது. ஆவி மட்டும் தொட வேண்டும். மூடி 4 மணி முதல் 8 மணி நேரம், மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் இளகும். இராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பூசணம் பிடிப்பதற்கு வழி செய்ததாகும். இளகியதை ஒற்றுத்தாள் மேல் விரித்து, மேலும் கீழும் நெய்யாத பாலியெஸ்டர் துணி, அதற்கு வெளியே ஒற்றுத்தாள், பலகை, பாரம். ஒற்றுத்தாளை அரைமணியில் ஒருமுறை, இரண்டு மணியில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை மாற்றி, ஒரு வாரம் அசைக்காமல் விடுங்கள்.

படத்தை நகல் வரையும் டிரேசிங் துணிக்கு இந்த முறை ஆகாது. அந்த வழவழப்பு கஞ்சிப்பசையால் வந்தது. ஈரம் பட்டால் கஞ்சி கரைந்து துணி வெள்ளையாகப் பூத்துவிடும். உலர்ந்த பாரத்தில் வாரக்கணக்கில் வைத்து நிமிர்த்த வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துச் சுவர் மேப், அதாவது கட்டையில் சுற்றி வார்னிஷ் அடித்தது, கையைக் கடிக்கும் வேலை. அதைத் தொடாமல் துணியில் சுற்றிப் படுக்கவைப்பதே உத்தமம். துணி ஒட்டிய மடிப்புப் படங்களில் துணியைப் பிரிக்க வேண்டாம். அதுதான் இத்தனை நாள் அதைக் காத்தது.

கிழிசலை ஒட்ட செல்லோடேப்பை எடுக்காதீர்கள். பத்து வருடத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், பழுப்புப் பிசின் மட்டும் காகிதத்துக்குள் இறங்கித் தங்கிவிடும். ஃபெவிகால் வகைப் பசை பிறகு பிரியாது. புத்தகம் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் (செம்பு உப்பு) போடுவார்கள், பூச்சி வராது என்று. பூச்சி வராதுதான், ஆனால் செம்பு காகிதத்தை மெல்லச் சுட்டுத் தின்னும். பழைய படங்களில் செம்பிலிருந்து செய்த பச்சை வண்ணம் பூசிய எல்லைக்கோடு பின்பக்கம் பழுப்பாகி, கடைசியில் கோட்டோடு தாளே விழுந்துவிடுவதும் இதே வினையால்தான். ஜப்பானிய மெல்லிய நார்த்தாளை ஒரு சென்டிமீட்டர் பட்டையாக, வெட்டாமல் ஓரம் பிசிறாகக் கிழித்து, வடிகட்டிய கோதுமை மாவுப்பொருள் கஞ்சியால் பின்பக்கம் ஒட்டுங்கள். பின்னாளில் ஈரம் காட்டினால் பிரிந்துவிடும். அதுதான் அதன் பெருமை.

லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை எடுக்க வழி இல்லை, உள்ளே இருக்கும் அமிலமும் வெளியேறாது. பாலியெஸ்டர் உறைக்குள், ஒட்டாமல், ஓரம் மட்டும் மூடிவைப்பது வேறு; அது நல்ல முறை. நீலப்படத்துக்கு ஒரு விலக்கு உண்டு: அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்த உறைத்தாள் மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது, நீலப்படத்துக்கு விஷம். காரம் பட்டால் நீலம் வெளுத்துப் போகும். அதற்குக் காரம் சேர்க்காத நடுநிலைத் தாளே வேண்டும். நூலக முத்திரையைப் படத்தின் நடுவில், அதுவும் ஊதா மையில் குத்துகிற வழக்கத்தைப் பற்றி என்ன சொல்ல! பின்பக்கப் பென்சில் எண் போதும் ஐயா.

இழுப்பறை தட்டையாக, உள்ளளவு 125க்கு 90 செ.மீ. இருந்தால் பெரிய தாளும் மடியாமல் அடங்கும். ஆழம் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளதை எல்லாம் தூக்கிப் புரட்டுவார்கள். பவுடர் பூச்சு இரும்பு நல்லது. தேக்கு நம் பெருமைதான், ஆனாலும் எந்த மரமும் அமில ஆவி விடும். மர அலமாரியில்தான் வைப்பேன் என்றால் உள்ளே பாலியெஸ்டர் தாள் விரியுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 15 செ.மீ. தள்ளி வையுங்கள்; கறையான் மண்கோடு போட்டால் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும். அறைக்குச் செட்டிநாட்டு வீடு கெட்ட இடம் அல்ல. வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய, வெளிச்சுவர் இல்லாத, தடித்த சுவர் கொண்ட கீழ்த்தள அறை வருடம் முழுக்க அதிகம் ஏறி இறங்காத சூட்டில் இருக்கும். மாடி அறை கூடவே கூடாது. ஏ.சி.யைக் காலை பத்துக்குப் போட்டு மாலை ஐந்துக்கு நிறுத்துவது ஏ.சி. இல்லாததைவிட மோசம்: இரவில் ஈரக்காற்று குளிர்ந்த தாள் மேல் படியும். இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்ட முடியாத இடத்தில் மின்விசிறியும் ஈரமானியும் போதும்; ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இராமபாணப் பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், வேப்பிலையும் வசம்பும் தாளைத் தொட்டால் எண்ணெய்க் கறை விழும், தாளைச் சுற்றிவைக்கும் பழைய சிவப்புத் துணி ஈரத்தில் சாயம் விடும். பூச்சி பிடித்த தாளைக் காற்று வெளியேற்றிய பாலித்தீன் பையில் மூடி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் தாளின் மேல் பனிநீர் கோக்கும்.

உலக உருண்டைக்கு இந்தக் குளிர்முறை ஆகாது. அது வெறும் காகிதம் இல்லை. காகிதக்கூழ் ஓடு, அதன் மேல் சுண்ணப்பூச்சு, அதன் மேல் பூசணிக் கீற்று மாதிரி நறுக்கிய, பொதுவாக 12 அச்சுத்தாள்கள், துருவத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டத் தொப்பி, எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். ஒவ்வொன்றும் ஈரத்துக்கும் குளிருக்கும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். வெடிப்பு முதலில் நிலநடுக்கோட்டில்தான் விழும், அங்கேதான் ஓட்டின் இரண்டு பாதிகளும் சேர்கின்றன. உருட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் உடைந்துவிட்டது என்று திறந்துவிடாதீர்கள். நிறை சமப்படுத்த உள்ளே வைத்த ஈயக்குண்டுப் பை அவிழ்ந்திருக்கும், அவ்வளவே. மஞ்சளித்த வார்னிஷை ஈரத்துணியால் துடைத்தால் விரிசல் வழியே நீர் இறங்கிக் கீற்றுகள் எழும்பும். பித்தளை வளையத்தைப் புளி போட்டு விளக்குவது நம் வீட்டு வழக்கம். இங்கே வேண்டவே வேண்டாம். புளித்தண்ணீர் வழிந்து, கீழே மர வளையத்தில் ஒட்டிய மாதமும் ராசியும் அச்சிட்ட காகிதப் பட்டையை அரித்துவிடும். தூக்கும்போது வளையத்தைப் பிடிக்காமல், அடிக்காலைப் பிடித்து இரண்டு பேர் தூக்குங்கள்.

பள்ளிக்கூடத்து உருண்டையில் இந்தியா இருக்கும் இடம் தேய்ந்து வெளுத்திருந்தால் அதைக் குறை என்று கழிக்கவும் வேண்டாம், வண்ணம் தீட்டி நிரப்பவும் வேண்டாம். எத்தனை பிள்ளைகள் விரல் வைத்தார்கள் என்பதற்கு அதுதான் பதிவு. 12 அங்குல உருண்டையில் காரைக்குடி இருக்க வேண்டிய இடத்திலிருந்து ரங்கூனுக்கு 5 செ.மீ.கூட இல்லை. பித்தளையில் வார்த்த 'மொகலாயர் கால' வான உருண்டை (விண்மீன்களைக் காட்டுவது) என்று சொல்லி விற்பவர்களிடம் மட்டும் நிதானம் தேவை. லாகூரில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மெழுகுக்கட்டி முறையில் ஒரே வார்ப்பாக, ஒட்டே இல்லாமல் வான உருண்டை செய்த குடும்பம் உண்மையில் இருந்தது. அந்தப் புகழை வைத்து, இரண்டு பாதியாக வார்த்துப் பற்றவைத்த புதுச் சரக்கும் அதே பெயரில் விலைபோகிறது.

படி எடுக்க, தாளை உள்ளே இழுக்கும் ஸ்கேனர் வேண்டாம்; மேலிருந்து எடுக்கும் கேமரா அல்லது தட்டைக் கண்ணாடி போதும். 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), சுருக்காத டிஃப் கோப்பு, பக்கத்தில் அளவுகோலும் வண்ணப் பட்டையும். 70க்கு 55 செ.மீ. தாள் ஒன்றுக்குச் சுமார் 285 எம்.பி. ஆகும், வட்டு வாங்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள். அரசு வெளியிட்ட படங்களுக்கு 60 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை இல்லை என்பதால் இணையத்தில் போடவும் அந்த வகையில் தடை இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருளையும், 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணங்களையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அப்படிப்பட்ட பொருளை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும்; ரசீதோடு அந்த உரிம எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

நூலகங்களுக்குப் பணம் தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு படம் வாங்கத் தரும் தொகைக்குச் சமமாக இழுப்பறைக்கும் உறைத்தாளுக்கும் தனியே தாருங்கள்; பெயரைக் கல்வெட்டுக்குப் பதில் இழுப்பறையில் பொறித்தாலும் படிக்கத்தான் செய்வார்கள். வீட்டுச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஐப்பசி அடைமழைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே மாடியிலும் பரணிலும் உள்ள சுருள்களைக் கீழ்க்கட்டு அறைக்கு இறக்கிவிடுங்கள். பிரிக்க வேண்டாம், தட்ட வேண்டாம், கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம். அப்படியே இறக்கிப் படுக்கவைத்தால் போதும்.

இப்படிக்கு,
பழங்காகிதக் காப்புப் பணியாளர்கள் சிலர்,
காரைக்குடி